சந்தியாப்பிள்ளைச் சம்மாட்டியாரின் மூக்கு

குருநகரில் செத்தவர்களின் கண்ணைத் திறப்பதில் கனிசியஸை வெல்ல ஆளில்லை. இதை வேறு யாரும் சொல்லத் தேவையில்லை, அவரே சொல்லுவார். கேட்காவிட்டாலும் சொல்லுவார்.

உயிரோடு இருக்கும்போது ஒரு நல்ல படம் எடுத்து வைப்போம் என்ற புத்தி எந்த வீட்டுக்காரருக்கும் வருவதில்லை. மூச்சு நின்றபிறகுதான் ஸ்ரூடியோவுக்கு ஓடிவருவார்கள். கனிசியஸ் போய், சவப்பெட்டியைச் சுற்றிக் குடும்பம் நின்று அழுகிற படத்தை எடுப்பார். பிறகு அதிலிருந்து செத்தவரின் தலையை மட்டும் வெட்டி எடுத்து, மூடிய இமைகளுக்கு மேல் இரண்டு கண் வரைந்து, கழுத்துக்குக் கீழே கோட்டும் கழுத்துப்பட்டியும் ஒட்டி, முப்பத்தோராம் நாள் நினைவு அட்டைக்குக் கொடுப்பார். வாழ்நாள் முழுக்க இடுப்புச் சாரத்தோடு திரிந்த மனிசன் கோட்டுப் போட்டுக்கொண்டு அரசாங்கக் கச்சேரி அதிகாரி மாதிரி விழித்துப் பார்ப்பார். சனமும் "உயிரோடை இருக்கிற மாதிரியே இருக்கு" என்று மூக்கைச் சிந்தும். உயிரோடு இருந்தபோது அந்த ஆள் ஒருநாளும் அப்படி இருந்ததில்லை என்பது எவருக்கும் ஒரு பொருட்டே இல்லை.

இந்தத் திறமைக்கு ஊரில் மதிப்பு இருந்தது. பெண்டாட்டி வீட்டில்தான் இல்லை. பெண்டாட்டி பெர்னடெட்டின் தகப்பன் சந்தியாப்பிள்ளை, படகும் வலையும் ஆட்களும் வைத்துத் தொழில் நடத்திய சம்மாட்டியார். அந்த வீட்டில் ஒரு ஆம்பிளையை ஆம்பிளை என்று ஒப்புக்கொள்வதற்குக் கையில் கயிறு அறுத்த தழும்பு வேண்டும். படக்காரனைத்தான் கட்டுவேன் என்று மகள் ஒற்றைக்காலில் நின்றதால் வேறு வழியில்லாமல் கலியாணத்துக்கு ஒப்புக்கொண்டார். பொம்பிளை கேட்டு வந்த அன்று கனிசியஸின் வலக்கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பஞ்சு" என்றார். கலியாண வீட்டில் குடும்பப் படம் எடுக்க எல்லாரும் வரிசையாக நிற்க, சம்மாட்டியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரைப்பக்கம் நடந்துவிட்டார். மருமகன் பின்னால் ஓடிப்போய்க் கெஞ்சிப் பார்த்தார்.

"உன்ரை படப்பெட்டிக்கு முன்னாலை நான் நிக்கமாட்டன். செத்தாப்பிறகு எடு" என்றார் மாமனார்.

சொன்னபடியே மாமனார் செத்தபிறகுதான் கனிசியஸ் எடுத்தார். அது சண்டைக்காலம். குடாநாட்டில் கரண்ட் என்ற சாமானே இல்லை, பற்றரிக்குத் தடை, அதனால் பிளாஷும் இல்லை. வீட்டு விறாந்தையில் ஆளைத் தெருவாசல் பக்கம் கால் நீட்டிக் கிடத்தியிருந்தார்கள். கனிசியஸ் பக்கத்தில் ஒரு வாங்குப் பலகையைப் போட்டு ஏறி, சவப்பெட்டிக்கு மேலே குனிந்து, சுருளில் மிஞ்சியிருந்த ஒரேயொரு படத்தை எடுத்தார். காலடியிலிருந்த வாசல் வெளிச்சம்தான் அன்று கிடைத்த வெளிச்சம். அது நாடியில் பட்டு, மூக்கின் அடியில் பட்டு, நெற்றிக்குப் போய்ச் சேருமுன் களைத்துப்போனது. இருந்தாலும் படம் விழுந்தது. சம்மாட்டியாருக்கு உலகத்தில் இருக்கிற ஒரே படம் அதுதான். கண்ணை வழக்கம்போலப் பிறகு திறந்துவிட்டார்.

காலம் போனது. சம்மாட்டியாரின் மகன் கிறிஸ்ரோபர் ரொறன்ரோவில் வீடு வாங்கி விற்கிற தொழிலில் கொழுத்து, தகப்பன் பேரில் கரையோரம் கிழிந்த வலை பொத்துகிறவர்களுக்கு ஒரு மண்டபம் கட்டிக் கொடுத்தார். மண்டபத்துச் சுவரில், அப்பு என்று பிள்ளைகள் கூப்பிட்ட அந்தத் தகப்பனின் முகம் கல்லில் புடைத்து நிற்கவேண்டும் என்பது அவருடைய ஆசை. கொழும்பில் ஒரு இடத்தில் மெசினால் கல் வெட்டிக் கொடுப்பார்கள், ஆனால் முகத்தின் மேடு பள்ளத்தைக் கொம்பியூட்டரில் செய்து அனுப்பவேண்டும் என்றார்கள். பெர்னடெட் போனில் தம்பியிடம், "ஏன் வெளியிலை தேடுறாய்? இவர் செய்வார்" என்றாள்.

"அவரோ?" என்றார் கிறிஸ்ரோபர். "சரி அக்கா, செய்யச் சொல்லுங்கோ. பிழைச்சால் நான் உங்களைத்தான் கேப்பன்."

ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் கனிசியஸுக்கு எல்லாம் கேட்டது. அந்த நிமிசத்திலிருந்து மனிசனுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். திறப்புவிழா அன்று, குருநகர்ச் சனம் முழுக்கக் கூடியிருக்க, மைச்சான் கிறிஸ்ரோபர் மைக்கைப் பிடித்து, "இது எங்கடை அத்தான் செய்த வேலை" என்று சொல்லவேண்டும். அந்த ஒரு வசனத்துக்காக அவர் கலியாணம் கட்டிய நாளிலிருந்து காத்துக்கொண்டிருக்கிறார். குளிக்கும்போது அதைக் கிறிஸ்ரோபரின் குரலில் தானே சொல்லிப் பார்ப்பதும் உண்டு. கிணற்றடிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் சாட்சி.

இதற்கென்று ஒரு புறோகிராமை இன்ரர்நெற்றில் தேடிப் பிடித்தார். ஒரே ஒரு படம் போதும், அதிலுள்ள வெளிச்சத்தையும் நிழலையும் பார்த்தே முகத்தின் வடிவத்தைச் சொல்லிவிடும். மீன் வெட்டிக்கொண்டிருந்த பெர்னடெட்டுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, அதைத் தானே கண்டுபிடித்தவர் மாதிரி விளங்கப்படுத்தினார்.

"இஞ்சை பார். கன்னத்திலை எந்த இடம் வெளிச்சத்தைப் பாத்துத் திரும்பி இருக்கோ அது வெளுப்பாத் தெரியும். மற்றப்பக்கம் திரும்பினது கறுப்பாத் தெரியும். அப்ப, வெளுப்புக் கறுப்பைப் பாத்தால் எந்த இடம் எவ்வளவு சாய்ஞ்சிருக்கெண்டு கணக்குப் போடலாம். எல்லாச் சாய்வையும் சேத்துப் பொருத்தினால் முகம்!"

"உந்தச் சூடைமீன் வாளியை இஞ்சாலை தள்ளிவிடுங்கோ" என்றாள் பெர்னடெட்.

முதலில் மீசை பிரச்சினை குடுத்தது. அந்த விசர்ப் புறோகிராமுக்குக் கறுப்பு மயிர் என்றும் தெரியாது, நிழல் என்றும் தெரியாது. கறுப்பெல்லாம் சாய்வு என்று நினைத்துக்கொண்டு சம்மாட்டியாரின் மேலுதட்டில் மண்வெட்டியால் வெட்டினமாதிரி ஒரு வாய்க்கால் ஓட்டிவிட்டது. கனிசியஸ் முன்பு வரைந்த கண்மணிகளும் அப்படித்தான் கிண்டுப்பட்டன. கனிசியஸ் கிழமைக்கணக்காக மினக்கெட்டு, மீசையைச் சாம்பல் பூசி, கண்மணியை மங்கலாக்கி, ஒரு மருவை அழித்து, எல்லாவற்றையும் சீராக்கினார். இவ்வளவு சின்ன விசயங்களிலெல்லாம் இவ்வளவு கவனம் எடுத்த ஆள் பெரிய விசயத்தில் எப்படிக் கோட்டை விட்டார் என்பதுதான் கதை.

திரையின் மேல் மூலையில் ஒரு சின்னச் சூரியன் இருந்தது. வெளிச்சம் எந்தப் பக்கத்தால் வந்ததோ அந்தப் பக்கத்துக்குச் சூரியனை இழுத்து விடுங்கள் என்று புறோகிராம் மரியாதையாகக் கேட்டது. கனிசியஸுக்குச் சிரிப்பு வந்தது. "சூரியன் மேலை நிக்காமல் பின்னை எங்கை, என்ரை கக்கத்துக்குள்ளையோ நிக்கும்?" என்று அதை நின்ற இடத்திலேயே விட்டுவிட்டார். படத்தை எடுத்ததே அவர்தான். காலடி வாசல் வெளிச்சத்தில், வாங்கில் ஏறி நின்று எடுத்தவர் அவரேதான். ஊரில் வேறு எவன் மறந்தாலும் மறக்கக்கூடாத ஆள்.

கீழேயிருந்து வெளிச்சம் பட்ட ஒரு மேடும் மேலேயிருந்து வெளிச்சம் பட்ட ஒரு பள்ளமும் படத்தில் ஒரே மாதிரித்தான் தெரியும். சூரியன் மேலே என்று சொன்னால் புறோகிராம் என்ன செய்யும், பாவம்? அது சம்மாட்டியாரின் மூக்கைக் குழியாக்கி, நெற்றியைக் குடைந்து, நாடியை உள்ளே தள்ளி, ஆளின் முகத்தை அலுவா அச்சு மாதிரி உட்பக்கமாகச் செய்து வைத்தது. ஆனால் கனிசியஸின் கண்ணுக்கு அது தெரியவில்லை. தெரியாதது அவருடைய பிழை மட்டும் இல்லை. பிறந்த நாளிலிருந்து வெளியே புடைத்த முகங்களையே பார்த்துப் பழகிய கண், உள்ளே குழிந்த முகம் ஒன்று உண்டென்று சத்தியம் பண்ணினாலும் நம்பாது. குழியைப் பார்த்து மூக்கு என்று அடித்துச் சொல்லும். அவருக்குத் திரையில் தெரிந்தது மாமனார்தான், அச்சொட்டாக மாமனார்.

"பெர்னடெட்! ஓடி வா!"

வந்து பார்த்தவள் கையிலிருந்த கரண்டியோடு அப்படியே நின்றாள். முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக் காட்டினார் கனிசியஸ். எந்தப் பக்கம் திருப்பினாலும் சம்மாட்டியார் விடாமல் அவளையே திரும்பிப் பார்த்தார்.

"அப்பு என்னைப் பாக்கிறார்" என்று விசும்பத் தொடங்கிவிட்டாள். கலியாணத்துக்குப் பிறகு அந்த மனிசன் மகளின் முகத்தை நேரே பார்த்ததே இல்லை. கோயிலில் கண்டாலும் புனிதரின் சுரூபத்தைப் பார்ப்பார், வீட்டுக்கு வந்தாலும் முற்றத்து நாயைப் பார்ப்பார். அவள் அழுததைக் கண்ட கனிசியஸ், தன்னுடைய கைத்திறத்துக்குத்தான் அழுகிறாள் என்று நினைத்துக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

கோப்பு கொழும்புக்குப் போனது. மெசின் அனுப்பியதை அப்படியே வெட்டியது. இது என்ன, ஆளின் முகம் உள்ளுக்குப் போகிறதே என்று கேட்க அதற்கு வாயில்லை. வெட்டிய கல் லொறியில் நேரே மண்டபத்துக்கு வந்தது. அதைச் சுவரில் வைத்துப் பூசியவர் கோப்பாயிலிருந்து வந்த மேசன் நடராசா. அவர் குழியைக் கையால் தடவியும் பார்த்தார். கனடாக் காசில் செய்தது, இப்ப நாகரிகம் இதாக்கும் என்று நினைத்துக்கொண்டு, உள்ளே கிடந்த சீமெந்துத் தூளைத் துணியால் துடைத்துவிட்டு பஸ்சுக்குப் போய்விட்டார். பின்னேரம் வந்த கனிசியஸ் நிலத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார். மாமனாரும் குனிந்து அவரைப் பார்த்தார். திருப்தியோடு திரைச்சீலையைக் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, நாளைக்குப் போடப்போகிற சேட்டைத் தானே இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினார்.

திறப்புவிழாவுக்குக் கிறிஸ்ரோபர் அந்த வெயிலிலும் கோட்டோடு வந்திறங்கினார். பங்குச் சுவாமி செபம் சொல்லித் தீர்த்தம் தெளிக்க, திரை விலகியது. "ஆ!" என்றது சனம். சம்மாட்டியார் சுவரிலிருந்து வெளியே எட்டிப் பார்த்தார். முன்வரிசைக் கதிரையில் கனிசியஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். மைக் கிறிஸ்ரோபரின் கைக்குப் போனது. அவர் ஆண்டவருக்கு நன்றி சொன்னார், சுவாமிக்குச் சொன்னார், கனடாவில் தன்னோடு தொழில் செய்கிறவர்களுக்குச் சொன்னார், அவர்களுடைய மனைவிமாருக்கும் சொன்னார். கனிசியஸ் ஒவ்வொரு பேருக்கும் கதிரையில் பாதி எழும்பி எழும்பி இருந்தார்.

"எங்கை இவன் சொல்லுறான் இல்லை?" என்று மனைவியின் காதைக் கடித்தார்.

"மாலை போட்டிட்டுச் சொல்லுவான், இருங்கோவன்" என்றாள் அவள்.

ஏணி வைத்தார்கள். கிறிஸ்ரோபர் மாலையோடு ஏறினார். கோயிலில் சுரூபத்தைத் தொட்டு முத்தமிடுகிற பழக்கம் ரொறன்ரோவுக்குப் போனாலும் போகுமா? மாலையைப் போட்டுவிட்டு அப்புவின் நெற்றியில் முத்தமிடக் குனிந்தார். உதடு நெற்றியைத் தேடியது, நெற்றி அங்கே இல்லை. இன்னும் கொஞ்சம் எட்டினார். கால் இடறியது. முழு முகமும் தகப்பனின் முகத்துக்குள் டக்கென்று போய்ப் பொருந்திக்கொண்டது. மூக்குக்குள் மூக்கு, நாடிக்குள் நாடி. கல்லுக்குள்ளிருந்து ஏதோ ஒரு சத்தம் வந்தது. இரண்டுபேர் ஏறி அவரை இழுத்தெடுக்க வேண்டியிருந்தது.

"இது குழியெல்லோ!" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு கத்தினார் கிறிஸ்ரோபர். "அப்புவின்ரை மூஞ்சை உள்ளுக்கை கிடக்கு!"

காலடி வாசலும், வாங்கும், மூலையில் நின்ற சூரியனும் அந்தக் கணத்தில்தான் கனிசியஸுக்கு ஞாபகம் வந்தன. ஓடலாமா என்று வாசலைப் பார்த்தார். அந்த நேரத்தில்தான் சம்மாட்டியாரின் தங்கச்சி கிறிஸ்ரினா மாமி எழும்பிக் கையைத் தூக்கினாள்.

"ஐயோ, அண்ணை என்னைப் பாக்கிறார்! நான் இஞ்சாலை வர இஞ்சாலை திரும்பிறார், அங்காலை போக அங்காலை திரும்பிறார்!"

பிறகென்ன, மண்டபம் முழுக்க எழும்பி நடக்கத் தொடங்கியது. இடமிருந்து வலம், வலமிருந்து இடம். குழிந்த முகத்தைக் கண் புடைத்ததாகப் பார்க்கும்போது, நாங்கள் நடக்கிற பக்கமெல்லாம் அது திரும்பிவருவதாகத் தெரியும், அவ்வளவுதான் விசயம். ஆனால் அதை யார் கேட்டார்கள்? உயிரோடிருந்த காலத்தில் தொழிலாளி எவன் எங்கே நின்றாலும் கண்ணால் பின்தொடர்ந்தவர் சம்மாட்டியார், செத்தும் விடவில்லை என்று சனம் சிலுவை அடையாளம் போட்டது. சிலர் முழங்காலில் நின்றார்கள். சுவாமி கை மணிக்கூட்டில் நேரம் பார்த்தார்.

கிறிஸ்ரோபர் கெட்டிக்காரன். வீடு விற்கிறவனுக்குக் காற்று எந்தப் பக்கம் வீசுகிறதென்று சொல்லிக்குடுக்க வேண்டியதில்லை. மூக்கைத் தடவிக்கொண்டே மைக்கை எடுத்தார்.

"அப்பு எங்களை விட்டிட்டுப் போகேல்லை! இது மனிசர் செய்யிற வேலையில்லை. கொழும்பிலை கல்லு வெட்டினவையின்ரை கையை அப்புதான் பிடிச்சு நடத்தியிருக்கிறார்!"

கைதட்டல் கூரையைத் தூக்கியது. கனிசியஸ் தப்பிவிட்டார். குழியும் மறைந்தது, பிழையும் மறைந்தது. வாயைப் பொத்திக்கொண்டு ஒரு பற்றீசைக் கடித்து, சோடாவும் குடித்துவிட்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதான் பாக்கி. உலகத்தில் வேறு எந்த மனிசனாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பான்.

ஆனால் கனிசியஸுக்கு அடிவயிற்றிலிருந்து பற்றியெரிந்தது. கொழும்புக்காரனாம்! அப்புவாம்! கிழமைக்கணக்காக மீசைக்குச் சாம்பல் பூசியது யார்? அவர் எழும்பினார். பெர்னடெட் சேட்டின் பின்பக்கத்தைப் பிடித்து இழுத்தாள்.

"உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன், பேசாமல் இருங்கோ."

"விடடி" என்று உதறிக்கொண்டு போய் மைச்சானின் கையிலிருந்து மைக்கைப் பறித்தார்.

"சனங்கள் கேளுங்கோ. இது அப்புவும் செய்யேல்லை, கொழும்புக்காரனும் செய்யேல்லை. நான் செய்தது! படத்திலை வெளிச்சம் காலடியாலை வந்தது, நான் சூரியனை மேலை விட்டிட்டன். அதாலை மேடெல்லாம் பள்ளமாப் போச்சு. கண்ணுக்குத்தான் அது மேடாத் தெரியுது, திரும்பிற மாதிரித் தெரியுது. இதிலை ஒரு புதுமையும் இல்லை. முழுப் பிழையும் என்ரை! என்ரை மட்டும்தான்!"

பரிசு வாங்க மேடையேறிய மாணவன் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார். முழங்காலில் நின்றவர்கள் ஒவ்வொருவராக எழும்பி மண்ணைத் தட்டினார்கள். கிறிஸ்ரினா மாமி தொப்பென்று கதிரையில் இருந்தாள். கடைசி வரிசையில் ஒருவன் "பூ" என்று வாயால் விட்டான். அங்கேயிருந்து தொடங்கிய சிரிப்பு, வரிசை வரிசையாக முன்னுக்கு வந்து, மீன்சந்தைச் சிரிப்பாக மண்டபத்தை நிறைத்தது. கிறிஸ்ரோபரின் முகம் சிவந்தது. மைக்கைத் திருப்பி வாங்கினார்.

"கேட்டியளோ? வடிவாக் கேட்டியளோ? இது எங்கடை அத்தான் செய்த வேலை!" என்று ஒவ்வொரு சொல்லாகக் கடித்துத் துப்பினார்.

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. கனிசியஸ் சனத்தைப் பார்த்துக் கைகூப்பினார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது பெர்னடெட் விறுவிறென்று முன்னால் நடந்தாள். அவர்தான் வாய் ஓயாமல் கதைத்துக்கொண்டு வந்தார். வாசல் படலையைத் திறந்ததும் அவளை நிறுத்தி, "கேட்டனியே, மைக்கிலை சொன்னவன்? முழுச் சனத்துக்கும் முன்னாலை சொன்னவன்" என்றார்.

"கேட்டது."

"இப்ப ஆர் செய்ததெண்டு எல்லாருக்கும் தெரியும். நான் பேசாமல் இருந்திருந்தால் ஒருத்தருக்கும் தெரியாமல் போயிருக்கும்."

பெர்னடெட் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். அழுது முடித்த கண்.

"எல்லாரும் நடந்து பாக்கேக்கை நானும் நடந்து பாத்தனான். கதவடியிலை இருந்து யன்னலடி மட்டும் அப்பு என்னையே பாத்துக்கொண்டு வந்தவர். உங்களைக் கட்டினதுக்குப் பிறகு சனத்துக்கு முன்னாலை இண்டைக்குத்தான் அந்த மனிசன் என்னைப் பாத்தது. ஒரு பத்து நிமிசம் இருந்திச்சுதோ? அதுக்குள்ளை மைக்கைப் பறிச்சு அதையும் பொய்யாக்கிப் போட்டியள்."

"அது அப்பு பாத்ததில்லை பெர்னடெட், வெளிச்சம் வந்த பக்கத்தாலை..." என்று கனிசியஸ் விளங்கப்படுத்தத் தொடங்கினார்.

"வெளிச்சம் எந்தப் பக்கத்தாலை வந்தாலும் எனக்கென்ன?" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.